அத்தையின் மொய் நோட்டில் இருப்பவர்களை எப்படித் தேடுவது?

ஓசூர் மருமகள்:

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மக்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதியிருக்கிறேன், பொறுத்துப் படியுங்கள்.

என் அப்பாவின் அக்கா போன மாசியில் தவறிவிட்டார். பிறந்தது பாலக்கோட்டுப் பக்கம், வாழ்க்கைப்பட்டது காவேரிப்பட்டினம். கிருஷ்ணகிரி அணை திறந்த 1957-இல் பிறந்தவர் என்பதால், "நானும் அணையும் ஒரே வயது" என்று எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். 2017 நவம்பர் கடைசியில் அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் வெளியேறியபோது ஆற்றங்கரை ஊர்களெல்லாம் பதறிக்கொண்டிருந்தன. அத்தை தன் கடைவாய்ப் பல் விழுந்த இடத்தைத் தொட்டுக்கொண்டு, "அதற்கும் வயதாகிவிட்டது, பாவம்" என்றார். அவர் பிறந்தபோது எங்கள் பக்கம் சேலம் மாவட்டம். கட்டிக்கொடுத்தபோது தர்மபுரி மாவட்டம். 2004-இல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்ததும், "என் தம்பி வெளி மாவட்டத்துக்காரன் ஆகிவிட்டான்" என்று பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்களிடம் முறையிட்டுக்கொண்டு வந்தார்.

பஸ்ஸில் அவர் காலி இருக்கையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. தனியாக உட்கார்ந்திருக்கும் பெண் யாரென்று பார்ப்பார். அவர் பக்கத்தில்தான் போய் உட்காருவார். முதல் கேள்வி "எந்த ஊர்?" இரண்டாவது "வீட்டில் யார் யார்?" மூன்றாவது "சாப்பிட்டாயா?" பெயரைக் கேட்கவே மாட்டார். ஒருமுறை நான் காரணம் கேட்டதற்கு, "பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கும், ஊரும் வீடும்தான் அவளுடையது" என்றார். மடியில் எப்போதும் ஒரு பொட்டலம் நிப்பட்டு (தட்டை) இருக்கும். இறங்குவதற்குள் அது முன் இருக்கைக் குழந்தை வரைக்கும் போயிருக்கும். 2021 மே மாதம் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது அவருக்கு அறுபத்து மூன்று வயது. அதுவரை காசு எண்ணி எண்ணிப் போய்வந்தவர், அதன்பிறகு வாரத்தில் நான்கு நாள் வீட்டில் இருக்கமாட்டார். யாருக்கோ உடம்பு சரியில்லை, யார் மகளோ பிள்ளை பெற்றிருக்கிறாள், யார் வீட்டிலோ ஆடு குட்டி போட்டிருக்கிறது. ஆடு குட்டி போட்டதற்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒரே மனுஷியை எனக்குத் தெரியும் என்றால் அது என் அத்தைதான்.

தை பிறந்தால் அவர் வீட்டுத் திண்ணையில் புளி வேலை தொடங்கிவிடும். மண்டிக்காரர் மூட்டையில் போட்டுவிட்டுப் போகும் பழத்தை ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டிக் கொடுக்க வேண்டும். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. பங்குனி முடியும்வரை பத்துப் பதினைந்து பெண்கள் அந்தத் திண்ணையில் இருப்பார்கள். விரல் நுனியெல்லாம் கறுத்து, நகக்கண் எரியும். அத்தை தட்டுகிற வேகத்துக்கு யாரும் ஈடுகொடுக்க முடியாது. வாயும் அதே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். பாரதக் கூத்தில் முதல்நாள் இரவு பார்த்த அர்ச்சுனன் தபசை, தபசு மரத்தில் ஏறிய கூத்தாடி ஒவ்வொரு படிக்கும் பாடியதை, மறுநாள் காலையில் திண்ணையில் அப்படியே நடத்திக் காட்டுவார். வேலைக்கு வந்த பெண்கள் கொட்டை தட்டுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

உறவில் எல்லோரும் அவரை மெச்சினார்கள் என்று சொல்லமாட்டேன். "வீட்டில் கால் தரிக்காதவள்" என்று அவர் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். மாமா மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இருட்டிவிட்டால் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றுகொள்வார், அவ்வளவுதான்.

இப்போது நோட்டுக்கு வருகிறேன். அத்தைக்கு எழுதத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது, பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்த ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிவந்து, "மருமகளே, நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார். அன்று முதல், எங்கெல்லாம் மொய் வைத்தாரோ அதையெல்லாம் விடுமுறைக்குப் போகும்போது நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் வேலைக்கு ஓசூர் வந்த பிறகும், மாதத்துக்கு ஒருமுறை போனில் சொல்வார், நான் தாளில் குறித்துவைத்துக்கொண்டு போய் நோட்டில் ஏற்றுவேன். மொத்தம் 163 வரி இருக்கிறது. அதில் நாற்பது சொச்சம்தான் உறவுக்காரர்கள். மற்றதெல்லாம் இப்படித்தான்:

"போச்சம்பள்ளிச் சந்தையில் கருவாடு விற்கிறவள். பேத்திக்குக் காது குத்து. 101."

"காரிமங்கலம் பக்கம். பஸ்ஸில் பிள்ளைக்கு வாந்தி வந்ததே, அந்தப் பெண். தம்பி கல்யாணம். 51, அவரைக்கொட்டை இரண்டு படி."

"பாரதக் கூத்துப் படுகளத்தன்று வெயிலில் மயங்கி விழுந்த அம்மாள். புது வீடு புகுந்தது. 101, ஒரு சில்வர் குடம்."

"ஆடிப்பெருக்குக்கு அனுமன்தீர்த்தம் போனபோது என் சேலையைக் காயவைத்துக் கொடுத்தவள். மகள் சீமந்தம். 21, வளையல்."

"ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில். மகன் கல்யாணம். 201."

பதினாறாம் நாள் காரியத்துக்கு உறவுக்காரர்கள் வந்தார்கள். எல்லாம் முடிந்து பந்தல் பிரிக்கிற நேரத்தில் ஒரு அம்மா வாசலில் வந்து நின்று, "புளிக்கார அம்மா வீடு இதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். மாலை போட்ட படத்தைப் பார்த்தார். திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். நான் உள்ளே போய்த் தண்ணீர் எடுத்து வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார். எந்த ஊர் என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அத்தையாக இருந்தால் முதலில் அதைத்தான் கேட்டிருப்பார். அந்த ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை.

வருகிற மாசியில் தலைத்திவசம். நோட்டில் இருப்பவர்களில் முடிந்தவரை எல்லோரையும் அழைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பெயர் இல்லை, போன் எண் இல்லை. எப்படித் தேடுவது? யாராவது இப்படித் தேடியிருக்கிறீர்களா?

போச்சம்பள்ளிக்காரன்:

அக்கா, கருவாட்டுக்கார அம்மாவைக் கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்தைக்கு வாருங்கள். எங்கள் சந்தையில் இடம் என்பது வீட்டுச் சொத்து மாதிரி. அம்மா உட்கார்ந்த இடத்தில் மகளோ மருமகளோதான் உட்காருவாள், வேறு ஆள் சாக்கு விரித்துவிட முடியாது. கருவாட்டு வரிசையில் ஒரு முனையிலிருந்து கேட்டுக்கொண்டே போனால் இன்னொரு முனைக்குள் விடை கிடைத்துவிடும். பத்து மணிக்கு முன்னால் வாருங்கள். அதற்குப் பிறகு வியாபாரம் சூடுபிடித்துவிடும், யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். போனதும் கால் கிலோ நெத்திலி வாங்கிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். உங்கள் அத்தையும் அப்படித்தான் தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன். அவர் படம் ஒன்று கையில் இருக்கட்டும்.

பாலக்கோடு மொய் எழுத்தர்:

மகளே, நான் நாற்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் மொய் எழுதுகிறவன். உன் அத்தையின் நோட்டைப் பற்றிப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள். உன்னிடம் இருப்பது சாதாரண மொய் நோட்டு இல்லை. மொய் நோட்டு என்பது விசேஷம் வைத்த வீட்டில் இருப்பது, வந்ததை எழுதுவது. நாங்கள் மேலே பிள்ளையார் சுழி போட்டு, தாய்மாமன் வரிசையை முதலில் எழுதி, பிறகு வருகிறவர்களை ஊர், பெயர், தொகை என்று எழுதுவோம். ஊர்தான் முதலில். ஒரே பெயரில் இருபது பேர் வருவார்கள், ஊரை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். உன் அத்தை சொன்னது எங்கள் தொழிலின் பாடம். அவர் எழுதவைத்தது போனதை. போனதைத் தனி நோட்டில் எழுதிவைக்கிறவர்கள் குறைவு.

அப்படியானால் என்ன அர்த்தம்? உன் நோட்டில் ஒரு வரி இருந்தால், அதற்கு நேரான இன்னொரு வரி அந்த வீட்டு மொய் நோட்டில் இருக்கிறது. மொய் நோட்டை யாரும் எடைக்குப் போடமாட்டார்கள். பரண்மேலோ பெட்டியிலோ பேரன் காலம்வரை இருக்கும். ஆகவே நீ ஊருக்குப் போய், "பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளை யார்?" என்று தேடாதே. அந்த வருடம், அந்த ஊரில், தம்பிக்குக் கல்யாணம் நடந்த வீடு எது என்று கேள். நோட்டில் காவேரிப்பட்டினம் என்று ஊர் போட்ட வரி இருக்கிறதா என்று பார்க்கச் சொல். சமையல்காரரையும் பந்தல்காரரையும் முதலில் விசாரி, எந்த வீட்டில் எப்போது விசேஷம் நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

இன்னொன்று. இதை நீ கோபித்துக்கொள்ளாமல் கேட்க வேண்டும். மொய் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் நிற்பது நம் பக்கத்தில் நல்ல காரியம் இல்லை. வைத்த மொய்யைத் திரும்பக் கேட்க வந்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைப்பார்கள். செய்முறை திருப்பிச் செய்ய முடியாமல் வெட்கப்பட்டு முகம் மறைத்துக்கொள்கிற குடும்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கையில் காசில்லாத வீட்டில் இந்த நோட்டைக் கண்டால் அந்த அம்மாவின் மனம் என்ன பாடுபடும்? தேவையா என்று யோசித்துக்கொள். உன் அத்தை கொடுத்ததைக் கணக்கு வைத்தாரே தவிர, ஒருநாளும் போய்க் கேட்டிருக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அரூர் வாசகி:

எனக்கு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நோட்டில் போனது மட்டும்தான் இருக்கிறது. அவர் வீட்டு விசேஷத்துக்கு இவர்களெல்லாம் வந்திருப்பார்களே? அந்த மொய் நோட்டைப் பார்த்தால் பெயர் கிடைத்துவிடாதா?

என் அம்மாவும் இப்படித்தான். தீர்த்தமலைக்குப் போனால் மலையேறும் படியிலேயே இரண்டு சிநேகிதிகள் கிடைத்துவிடுவார்கள். அம்மா போன பிறகு அந்தப் பெண்களில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் அது எனக்கு உறைக்கிறது.

ஓசூர் மருமகள்:

அரூர் அக்காவுக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் ஐயா சொன்னதற்கும் அதுதான் பதில்.

அத்தை வீட்டில் விசேஷமே நடந்ததில்லை. அவருக்குப் பிள்ளை இல்லை. காது குத்து இல்லை, மஞ்சள் நீராட்டு இல்லை, கல்யாணம் இல்லை, சீமந்தம் இல்லை. வீடும் மாமாவின் அப்பா கட்டியது, புதிதாகக் குடிபுகவும் இல்லை. ஐம்பது வருடம் ஊர் ஊராகப் போய் மொய் வைத்தவருக்கு, ஒரு பத்திரிகை அச்சடித்து யாரையும் தன் வாசலுக்கு அழைக்கிற வாய்ப்பு வரவில்லை. என் கல்யாணத்தில் அத்தைதான் முன்னால் நின்றார். ஆனால் அழைத்தவர் என் அப்பா, மொய் எழுதியதும் அப்பாவின் நோட்டில்.

ஒருமுறை, நான் கல்லூரியில் படிக்கும்போது, கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். "இவ்வளவு வைக்கிறீர்களே அத்தை, இதெல்லாம் எப்போது திரும்பி வரும்?" புளியங்கொட்டையை முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை. "திரும்பி வருவதற்கா எழுதச் சொன்னேன்? யார் யாரைத் தெரியும் என்று எனக்கு மறந்துபோகக் கூடாதே, அதற்குத்தான்" என்றார். அவ்வப்போது என்னை அந்த நோட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். ஒவ்வொரு வரிக்கும் ஒரு கதை சொல்வார். அந்த நோட்டு அவருக்குக் கடன் கணக்கு இல்லை. அதைப் போய் நான் மொய் நோட்டு என்றுதான் இங்கே தலைப்பில் எழுதியிருக்கிறேன், வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

ஐயா, நீங்கள் சொன்ன வெட்கம் எனக்குப் புரிகிறது. நான் அதை யோசிக்கவே இல்லை என்பது உண்மை. நோட்டை எடுத்துக்கொண்டு போகமாட்டேன். ஆனால் அவர்களை அழைக்காமல் இருக்கவும் எனக்கு மனம் வரவில்லை. அத்தை பெயரில் நடக்கிற விசேஷம் இனிமேல் இது ஒன்றுதான்.

பாலக்கோடு மொய் எழுத்தர்:

அப்படியானால் அழை மகளே. நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கொடுத்தவளுக்குத் திரும்பச் செய்ய வழியில்லாமல் போன மனபாரம் அந்த வீடுகளிலும் இருக்கும். வாசலில் நின்றதும் முதல் வார்த்தையாக, "திவசத்துக்கு மொய் கிடையாது, சாப்பிட வாருங்கள்" என்று சொல்லிவிடு. பிறகு மற்றதைப் பேசு. காரிமங்கலம் பக்கம் எனக்கு ஒரு சமையல்காரரைத் தெரியும். அந்தச் சுற்றுவட்டாரக் கல்யாணங்களில் பாதிக்கு மேல் அவர் கை பட்டது. கல்யாண வருடத்தை இங்கே எழுது, கேட்டுச் சொல்கிறேன்.

ஓசூர் மருமகள்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்.

ஐயா அனுப்பிய சமையல்காரர், தம்பி கல்யாணம் நடந்த வீட்டை இரண்டே நாளில் சொல்லிவிட்டார். அப்பாவும் நானும் போனோம். ஐயா சொன்ன வார்த்தையைத்தான் வாசலில் முதலில் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது என் வயதிருக்கும். பஸ்ஸில் வாந்தி எடுத்த பிள்ளை பாலிடெக்னிக்கில் படிக்கிறான். அன்று கைக்குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்க்கொண்டிருந்தாராம். அத்தை தன் முந்தானையால் பிள்ளையைத் துடைத்து, தான் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல், தர்மபுரிவரை கூடவே போய், சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்க்கும்வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். இந்தக் கதையை அத்தை எங்களிடம் சொன்னதே இல்லை. வாந்தி வந்ததை மட்டும்தான் சொன்னார்.

பரணிலிருந்து நோட்டை எடுத்து வந்தார்கள். காவேரிப்பட்டினம் என்று ஊர் போட்டு ஒரே ஒரு வரி இருந்தது. "காவேரிப்பட்டினம், புளிக்கார அம்மா, 51, அவரைக்கொட்டை 2 படி." அந்தப் பெண்ணுக்கும் அத்தையின் பெயர் தெரியாது. நான் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு மகனைக் கூப்பிட்டு, அந்த வரியில் புளிக்கார அம்மா என்பதற்குப் பக்கத்தில் பெயரை எழுதவைத்தார். கிளம்பும்போது ஒரு மஞ்சள் பை நிறைய அவரைக்கொட்டை கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பா பஸ்ஸில் அந்தப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அனுமன்தீர்த்தம் அம்மாவைக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு வழியே இல்லை. படுகளத்தில் மயங்கி விழுந்த அம்மாள் போன வருடமே தவறிவிட்டார், மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை பதினேழு வீடு ஆகியிருக்கிறது. பதினாறாம் நாள் வந்து அழுதவர் அந்தப் பதினேழில் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தைக்குப் போனேன். தம்பி சொன்னபடியே கால் கிலோ நெத்திலி வாங்கினேன். வரிசையில் நான்காவது சாக்கு. கருவாட்டுக்கார அம்மாவுக்கு இப்போது கண் தெரிவதில்லையாம், வீட்டோடு இருக்கிறார், மருமகள்தான் உட்கார்ந்திருந்தார். படத்தைக் காட்டியதும், "சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் வியாபாரத்தையும் சேர்த்துப் பார்த்தவர் ஆயிற்றே" என்று கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார். பக்கத்துக் கடைகளுக்கு அதை எடுத்துக்கொண்டு போனார். உப்புக் கடை, வெற்றிலைக் கடை, கயிறு விற்கிறவர் என்று படம் கைமாறிக்கொண்டே போய், திரும்பி என்னிடம் வர அரை மணி நேரம் ஆயிற்று.

திவசத்தன்று களியும் கீரைக் கடைசலும் அவரைக்கொட்டைக் குழம்பும் என்று முடிவு செய்திருக்கிறோம், அத்தைக்குப் பிடித்தவை அவைதான். நாற்பது பேருக்கு என்று சமையல்காரரிடம் சொல்லியிருந்தேன். கருவாட்டுக்கார அம்மாவின் மருமகள், மாமியாரைக் கூட்டிக்கொண்டு வருவதாகவும், சந்தையிலிருந்து இன்னும் நான்கு பேர் வருவார்கள் என்றும் சொன்னார். அந்த நான்கு பேரும் எங்கள் நோட்டில் இல்லை.